மூணு வரைக்கும் எண்ணுங்க

வெர்னா கோவல்சுக் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். கனடாவில் டாஃபின் ஊரைச் சுற்றியுள்ள மண் சாலைகளில், மைனஸ் முப்பத்தைந்து குளிரில், முன்னால் ரோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத பனிக்காற்றில், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட, ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் காப்பியுமாகப் போனவள். அப்பேர்ப்பட்ட மனுஷி, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல் இரண்டு மணிக்கு, தன் சொந்த வீட்டுக் கீழ்த்தள அறையில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடுங்கத்தான் செய்தாள்.

திரையில் அவளுடைய ஆள் நின்றுகொண்டிருந்தான். ஆமாம், ஆள்தான். குள்ளம், தொப்பை, இடுப்பு வரைக்கும் செந்தாடி. ‘சாம்பல் கோட்டை’ என்ற அந்த விளையாட்டில் சேர்ந்த முதல் நாள், உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன இடத்தில் எதைத் தொடுவது என்று தெரியாமல் நேராக ‘சரி’யை அழுத்திவிட்டாள். தாடிக்காரன் வந்து வாய்த்துவிட்டான். பெயர் கேட்டது. கீழ்த்தள ஜன்னல் வழியே கொல்லையில் ரூபார்ப் செடி தெரிந்தது. ரூபார்ப் என்று போட்டாள். இதில் எதையும் இனி மாற்ற முடியாது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. போகட்டும். சண்டையில் அடிபடுகிறவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது ரூபார்ப்பின் வேலை. ஊர் ஊராக உட்கார்ந்திருக்கிறவர்கள் தங்கள் தங்கள் வீட்டிலிருந்தே கூட்டமாகச் சேர்ந்து பூதங்களையும் பன்றிகளையும் அடிக்கும் விளையாட்டு அது. ஒருவர் பேசுவது மற்றவர் காதில் ஹெட்ஃபோன் வழியாக விழும். மைக்கைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும்.

ரூபார்ப்பின் விளக்கு இருபத்தொரு வாரமாக ஒரு தடவைகூட எரிந்ததில்லை. வெர்னா ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டித்தான் பதில் சொல்வாள்.

“என்ன ரூபார்ப்பண்ணே,” என்றான் வெண்டல். ஆர்க்கன்சாவில் குழாய் ரிப்பேர் செய்கிறவன், விளையாட்டில் வில்லுக்காரன். “இன்னிக்காவது வாயைத் திறப்பீங்களா, இல்ல அந்தத் தாடிக்குள்ள பூட்டு எதுவும் போட்டு வச்சிருக்கீங்களா?”

“சும்மா இரு வெண்டல்,” என்றது இன்னொரு குரல். “அவன் கெடக்கான், ரூபார்ப். நீங்க சொல்லுங்க. மைக் இன்னும் சரியாகலையா?”

அந்தக் குரலைக் கேட்டதும் வெர்னா ஹெட்ஃபோன் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். இன்றைக்குக் கொஞ்சம் அதிகம். பெரிய கேடயத்தோடு முன்னால் நிற்கிற அந்த வீராங்கனையின் தலைக்கு மேல் ‘பம்புஷ்கா’ என்று எழுதியிருந்தது. பூண்டு தடவிய சின்ன ரொட்டிக்கு அந்தப் பெயர். அந்தப் பெயரால் ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் வெர்னாவின் கணவர் ஓரெஸ்ட். கூப்பிடப்பட்டவள் வெர்னாவின் ஒரே மகள் லரீசா.

லரீசா ஹாலிஃபாக்ஸில், கிழக்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் முந்தி ஓடுகிற ஊரில் இருக்கிறாள். அம்மாவோடு பேசி மூன்று வருஷம் ஆகப் போகிறது. இந்தச் செந்தாடிக் குள்ளன் யாரென்று அவளுக்குத் தெரியாது.

ஏன் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப் போகிறது. ஓரெஸ்டுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தபோது லரீசாவுக்கு நாலாம் மாதம். அதற்கு முன்னால் ஒன்று கலைந்து போயிருந்தது. “பொண்ணுகிட்ட மூச்சு விடாதே” என்றார் ஓரெஸ்ட். வெர்னா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில், வாயெல்லாம் பல்லாக, “அப்பாவா? வெளியில பனி அள்ளிட்டிருக்கார்டி” என்றாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னாள். அவர் பேச்சு நின்ற பிறகும் சொன்னாள். பதினோரு வாரம். அப்புறம் சாவுச் செய்திதான் போயிற்று. வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்த மகள், சமையலறைக் காலண்டரில் அம்மாவின் கையெழுத்தில் ஒவ்வொரு வாரமும் ‘ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி’ என்று எழுதியிருந்ததைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அடக்கம் முடிந்ததும், “இனிமே உன் குரல்ல எதைக் கேட்டாலும் எனக்கு நம்பிக்கை வராதும்மா. போன் பண்ணாத” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். ஜூலையில் குழந்தை பிறந்தது. ஒரிசியா என்று பெயர் வைத்ததாக யாரோ சொல்லித்தான் வெர்னாவுக்குத் தெரியும்.

போன செப்டம்பரில் ஒரு நாள் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்யும்போது மகளின் பழைய நோட்டு கிடைத்தது. பள்ளிக்கூட நாளில் லரீசா இந்த அறையில்தான் மணிக்கணக்கில் விளையாடுவாள். வெர்னா எத்தனையோ தடவை மேலேயிருந்து கத்தி, கீழே வந்து ஒயரைப் பிடுங்கியிருக்கிறாள். நோட்டு முழுக்க பம்புஷ்கா, பம்புஷ்கா. அந்தப் பெயரைக் கம்ப்யூட்டரில் தேடினாள். ‘நிதானக் கூட்டம்’ என்று ஒரு குழு, புதியவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போகிற குழு, அதில் புதியவர்களுக்குப் பொறுப்பாளர் பம்புஷ்கா. அவள் எழுதிய நாலு பக்கக் குறிப்பும் இருந்தது. தலைப்பு: ‘இன்னிக்குத்தான் வந்தீங்களா? பயப்படாதீங்க.’

மகள் கைப்பட எழுதிய மாதிரி வெர்னாவுக்கு மூன்று வருஷத்தில் கிடைத்தது அது ஒன்றுதான். அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தாள். காப்பி போடும்போதெல்லாம் படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது. ‘எல்லாரும் உங்களையே பாக்கற மாதிரி இருக்கும். யாரும் பாக்கலை. அவங்க அவங்க சட்டைப் பொத்தானைத் தேடிட்டிருக்காங்க.’ ‘ரத்தத்தைப் பாத்ததும் மருந்தைக் கொட்டாதீங்க, வைத்தியர்களே. முன்னால நிக்கறவ மேல மிருகத்துக்கு முதல்ல கோபம் வரட்டும். மூணு வரைக்கும் எண்ணுங்க. அவசரப்பட்டா அது திரும்பி உங்களைத்தான் கடிக்கும்.’ ‘விழுந்துட்டா திரையில ஒரு சிவப்புப் பொத்தான் வரும், ஊருக்குத் திரும்பிடலாம்னு. தொடாதீங்க. வெக்கமாத்தான் இருக்கும். அப்படியே கெடங்க. நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் வாரத்துக்கு ஒரு எழுப்பு மணி இருக்கு. யாராவது வந்து உங்களுக்காக அடிப்பாங்க.’

இப்படி ஒரு பெண்ணா நம் வயிற்றில் பிறந்தது என்று வெர்னாவுக்கே ஆச்சரியம். அவள் பாட்டுக்கு அன்று சாயங்காலமே சேர்ந்துவிட்டாள். ஒரு வாரம் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டு எப்படிப் போவது? மகள் சிரிக்கிறாள். “நல்லா பண்ணீங்க ரூபார்ப்” என்கிறாள். ஒரு நாள் பின்னாலிருந்து, “அம்மா, ஜூஸ்” என்று ஒரு கீச்சுக் குரல். அன்றைக்கு வெர்னா ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு தடவை கேட்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். அவளுக்கென்று மிச்சம் இருந்தது அவ்வளவுதான். குட்டு உடைந்தால் அதுவும் போய்விடும்.

இன்றைக்கு வந்த வினை இதுதான்: ரூபார்ப் வளர்ந்துவிட்டான். இரும்புக் கதவுக் குகைக்குள் போகிற அளவுக்கு ஆகிவிட்டான். நிதானக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரும்புக் கதவைத் தாண்டுமுன் புதியவர் தன் சொந்த வாயால் ‘நான் புதுசு’ என்று சொல்ல வேண்டும். எழுதிக் காட்டினால் செல்லாது. அதற்குக் காரணமும் அந்த நாலு பக்கக் குறிப்பில் இருந்தது. ‘தெரியாதுன்னு சொன்னவங்களால நாங்க ஒரு தடவையும் செத்ததில்ல. தெரிஞ்ச மாதிரி நடிச்சவங்களாலதான் கூண்டோட செத்திருக்கோம்.’

வெர்னா மூன்று வாரம் தட்டிக் கழித்தாள். ஒரு வாரம் தொண்டை வலி. அப்புறம் இரண்டு வாரமாக மைக் கெட்டுவிட்டது. இப்போதும் ஒற்றை விரலால் தட்டினாள்: இல்லை, இன்னும் சரியாகவில்லை.

“நெனச்சேன்,” என்றாள் லரீசா. “அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். எங்கிட்ட உபரியா ஒரு மைக் கெடக்கு. உங்க விலாசத்தை எனக்கு மட்டும் தெரியற மாதிரி எழுதிப் போடுங்க, நாளைக்குக் காலையில தபால்ல அனுப்பிடறேன்.”

வெர்னா கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

“வாங்கிக்குங்கண்ணே, கூச்சப்படாதீங்க,” என்றான் வெண்டல். “நம்ம கூட்டத்துல இது வழக்கம்தான். போன மாசம் அரிசோனாவுக்கு ஒண்ணு போச்சு. எனக்கே நம்ம தலைவி இவங்கதான் அனுப்புனாங்க. எல்லாப் பயலும் முதல்ல மைக் கெட்டுப்போச்சுன்னுதான் சொல்லுவான். அதான் மூட்டையா வாங்கி வச்சிருக்காங்க.”

“கெட்டுப்போகலைன்னாலும் பரவாயில்ல ரூபார்ப்,” என்றாள் லரீசா, குரலைத் தணித்துக்கொண்டு. “பேச பயமா இருந்தா பயமா இருக்குன்னு எழுதுங்க. நாங்க உக்காந்திருக்கோம். நாலு மணிதானே ஆகுது இங்க. பாப்பா இன்னும் எந்திரிக்கலை.”

எந்த விலாசத்தைக் கொடுப்பாள்? இருநூற்றுப் பன்னிரண்டு என்று தட்ட ஆரம்பித்தாள். அந்தப் பெண் பிறந்து வளர்ந்த வீட்டு எண். அழித்தாள். பக்கத்து வீட்டு விலாசத்தைக் கொடுத்தால்? பக்கத்து வீட்டுக்காரி யாரென்று லரீசாவுக்குத் தெரியாதா? தபால் ஆபீஸ் பெட்டி என்றால் ஊர்ப் பெயர் வருமே. வேறு ஊரில் யாராவது தெரிந்தவர்கள்? வின்னிப்பெக்கில் பழைய பஸ் டிரைவர் ஒருவன் இருக்கிறான், அவனிடம் சொல்லி வைத்தால், அவன் வாங்கி, அவன் இங்கே அனுப்பி… மண்டைக்குள் கணக்கு ஓடிற்று. ஓடுகிற வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. இந்தக் கணக்கு அவள் முன்பே போட்டதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, நர்ஸ் பேசுவது போனில் கேட்டுவிடக் கூடாதே என்று கோட்டுக்குள் வாயை மறைத்துக்கொண்டு போட்ட அதே கணக்கு. அடியே வெர்னா, நீ இன்னும் அந்தப் பனியைத்தான் அள்ளிக்கொண்டிருக்கிறாயா என்று மனசு கேட்டது.

வேறு ஒரு வழியும் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மேலே போய், உருளைக்கிழங்கு வைத்த வரேனிக்கிக் கொழுக்கட்டையை வெந்நீரில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம். ரூபார்ப் என்று ஒருத்தன் இருந்தான், போய்விட்டான். லரீசா பத்து நாள் நினைப்பாள், அப்புறம் மறப்பாள். யாருக்கும் நஷ்டமில்லை. அணைக்கும் பொத்தான் மேல் விரல் போய் நின்றதும் அந்தக் கீச்சுக் குரல் ஞாபகம் வந்தது. விரலை எடுத்தாள்.

மைக் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“நான் புதுசு,” என்றாள்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை, தகரத்தைக் கீறினாற்போல் வந்தது. அப்படியே விட்டிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாள். ஆனால் வாய் நிற்கவில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியாது. மைக் கெட்டுப் போகலை. பொய் சொன்னேன். தொண்டை வலியும் பொய்தான்.”

“அடக் கடவுளே,” என்றான் வெண்டல். அவனுக்கு ஒரே சிரிப்பு. “அண்ணன் அக்காவா? நான் இத்தனை நாளா அண்ணே அண்ணேன்னு உசிரை விட்டிருக்கேன். அது சரி, தாடி நல்லா இருக்குக்கா. ஏன் தலைவி, நான் சொன்னேன்ல, எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்லுவாங்கன்னு. தலைவி?”

லரீசாவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. வெர்னா பஸ்ஸில் ஒரு தடவை உறைந்த ஆற்றின் மேல் சக்கரம் இறங்கி, அடியில் பனிக்கட்டி விரிசல் விடுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்குக்கூட இவ்வளவு பயம் இல்லை.

விளக்கு அணைந்தது. பம்புஷ்கா திரும்பி, இரும்புக் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

“போயிட்டாங்களே,” என்றான் வெண்டல். “வாங்கக்கா, தனியா போனா பன்றி கிழிச்சிடும்.”

வெர்னா ஓடினாள். தாடிக்காரன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரிந்திருந்தால் ஏன் போகச் சொல்லவில்லை? தெரியாவிட்டால் ஏன் பேச்சில்லை? குகைக்குள் இருட்டு. ஒரு திருப்பத்தில் வீட்டுக்கூரை உயரத்துக்குக் கல் பன்றி ஒன்று நின்றது. பம்புஷ்கா எப்போதும் ‘வைத்தியர் தயாரா?’ என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவாள். இன்று கேட்கவில்லை. நேராகப் போய்க் கேடயத்தால் அதன் மூஞ்சியில் ஓர் இடி இடித்தாள்.

பன்றி முட்டியது. பம்புஷ்காவின் உயிர்க்கோடு பாதிக்குக் கீழே இறங்கிச் சிவந்தது.

மூன்று வரை எண்ண வேண்டும் என்று வெர்னாவுக்குத் தெரியாதா என்ன? ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாளே. ஆனால் அங்கே ரத்தம் இறங்குவது யாருக்கு? ஒன்று என்றுகூட எண்ணவில்லை. கையிலிருந்த மருந்து மந்திரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மகள் மேல் கொட்டினாள். கோடு சரேலென்று ஏறி நிறைந்தது. பன்றி முட்டுவதை நிறுத்தியது. மெல்லத் தலையைத் திருப்பியது. பம்புஷ்காவைத் தாண்டி, வெண்டலைத் தாண்டி, தாடிக்காரனைப் பார்த்தது.

ஒரே முட்டுதான். திரை சாம்பல் நிறமாகிவிட்டது.

“வைத்தியர் விழுந்தாச்சு,” என்று வெண்டல் கத்தினான். “தலைவி, ஓடிருவோமா?”

“ஓடாதே.” லரீசா அவ்வளவுதான் சொன்னாள்.

நாலு நிமிஷம் அவர்கள் இரண்டு பேரும் அடித்தார்கள். வெர்னாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தரையில் மல்லாந்து கிடந்தபடி மகளின் கோடு இறங்க இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை நடுவில் அந்தச் சிவப்புப் பொத்தான் மினுக்கிற்று: ஊர் திரும்புக. அதற்கு மேல் பத்து நிமிஷத்திலிருந்து நேரம் குறைந்துகொண்டே வந்தது. அது பூஜ்யமானால் தானாகவே தூக்கி ஊரில் போட்டுவிடும். பன்றி ஒருவழியாகச் சரிந்தபோது பம்புஷ்காவிடம் ஒரு நூல் அளவு உயிர் இருந்தது.

“செத்துச்சு சனியன்,” என்றான் வெண்டல். “அக்கா, அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொட்டுடாதீங்க. முதல் நாள் நான் தொட்டுட்டு முக்கால் மணி நேரம் நடந்தே வந்தேன்.”

“எத்தனை வாரம்?” என்றாள் லரீசா.

“எதுக்கு? நடந்ததுக்கா?”

“உன்னைக் கேக்கலை வெண்டல்.”

வெர்னா விரலால் தட்டவில்லை, வாயாலேயே சொன்னாள். “இருபத்தொண்ணு.”

“அப்பாவுக்கு பதினொண்ணு,” என்றாள் லரீசா. “தேறிட்டம்மா நீ.”

வெண்டல் வாயாடியே தவிர முட்டாள் இல்லை. “நான் போய் நாய்க்கு சோறு வச்சுட்டு வந்துடறேன்,” என்று முணுமுணுத்தான். அவன் விளக்கு அணைந்தது. வெண்டலுக்கு நாயே கிடையாது.

“ஒரிசியா பேசினதெல்லாம் கேட்டியா?”

“கேட்டேன்.”

“டிசம்பர்ல நான் உன்னைக் கேட்டேன், ரூபார்ப், உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களான்னு. ஒரு பொண்ணு இருக்கான்னு எழுதினே. பேசுவாளான்னு கேட்டேன். என்ன எழுதினே?”

“வேலை அதிகம்னு.”

“வேலை அதிகம்னு.” லரீசாவின் குரல் ஒரு மாதிரி உடைந்தது. “பாவம் மனுஷன், பொண்ணு கண்டுக்கறதில்ல போலிருக்குன்னு நெனச்சு, அன்னிக்கு உனக்காக நான் அரை மணி நேரம் கூட உக்காந்திருந்தேன். எனக்கு எவ்வளவு அசிங்கமா இருக்கு தெரியுமா?”

பச்சை விளக்கு அணைந்தது.

பம்புஷ்கா அசையாமல் நின்றாள், பன்றியின் பிணத்துக்கும் தாடிக்காரனின் பிணத்துக்கும் நடுவில். ஆள் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்று சொல்ல முடியாது. இந்த விளையாட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே நேரம் மூன்று நிமிஷம் ஐம்பது என்று காட்டிற்று. கூட்டத்திலிருந்து நீக்குவதற்குப் பொறுப்பாளருக்கு ஒரு நொடி போதும். இப்போது நீக்குவாள், இதோ நீக்குவாள் என்று வெர்னா பெயர்ப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்புக, ஊர் திரும்புக என்று பொத்தான் மினுக்கிற்று. ஒரு தட்டு தட்டினால் இந்த அவமானம் தீர்ந்தது. அவளை யாரும் துரத்தியதாக இருக்காது, அவளே போனதாக இருக்கும்.

‘தொடாதீங்க. வெக்கமாத்தான் இருக்கும். அப்படியே கெடங்க.’

கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“லரீசா, உனக்குக் கேக்குதான்னு தெரியலை,” என்றாள். வழக்கமான அந்தச் சிரித்த குரலை எடுக்கத்தான் பார்த்தாள். வரவில்லை. “எனக்கு பயமா இருக்குடி. கை காலெல்லாம் ஒதறுது. அன்னிக்கும் பயம்தான். அப்பா சொல்லாதேன்னார்னு உங்கிட்ட சொன்னேன், அது நெசம்தான். ஆனா பாதிதான் நெசம். உங்கிட்ட சொல்லிட்டா அது நடந்துடுமேன்னு பயந்தேன். பனி அள்ளறார், பனி அள்ளறார்னு உங்கிட்ட சொல்லச் சொல்ல, போனை வைக்கிற வரைக்குமாவது அவர் வெளியில அள்ளிட்டிருக்கற மாதிரியே எனக்கு இருந்துச்சு. அதுக்காகவே ஞாயித்துக்கெழமைக்குக் காத்திருந்தேன். உனக்காக ஒண்ணும் நான் மறைக்கலை. எனக்காகத்தான் மறைச்சேன்.”

ஒரு நிமிஷம் இருபது. ஒரு நிமிஷம். ஐம்பது நொடி. தலைக்கு மேலே வீட்டு ஹீட்டர் டொக்கென்று அடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. முப்பது நொடி. சரி, அவ்வளவுதான் என்று வெர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதை அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல,” என்றாள் லரீசா. மூக்கடைத்துப் போன குரல். “நான் வந்து உன்கூட சேர்ந்து பயந்திருப்பேன்ல.”

ஹெட்ஃபோனுக்குள் டிங் என்று மணி அடித்தது. கண்ணைத் திறந்தாள். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் பச்சையில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது: பம்புஷ்கா உங்களை எழுப்புகிறார். எழுகிறீர்களா?

தொடைக்கு அடியிலிருந்து உருவிய கை மரத்துப் போயிருந்தது. பச்சையைத் தொடப் போய்ச் சிவப்பைத் தொட்டுவிடுவோமோ என்று, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது நொடி இருக்கையில் அழுத்தினாள். திரைக்கு நிறம் திரும்பிற்று. தாடிக்காரன் எழுந்து நின்றான்.

“உன்னை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே,” என்றாள் லரீசா.

“இல்ல.”

“இன்னும் ஒரு பொய், பொடிப் பொய்னாலும் சரி, நீ இந்தப் பக்கமே வர முடியாது. நான் சொல்றது புரியுதா?”

“புரியுது. நீ எழுதின நாலு பக்கத்தையும் ஃபிரிட்ஜுல ஒட்டி வச்சிருக்கேன்.”

“கடவுளே,” என்றாள் லரீசா. பிறகு, “வெண்டல், உன் இல்லாத நாய் சாப்பிட்டாச்சுன்னா வந்து சேரு. அடுத்த அறையில பன்றி ரெண்டு.”

வெண்டலின் விளக்கு உடனே எரிந்தது. “நல்லா சாப்பிட்டுச்சு தலைவி,” என்றான், ஒன்றுமே நடக்காதவன்போல.

அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. குட்டிக் கால்கள் தரையில் தப்புத் தப்பென்று ஓடி வரும் சத்தம். யாரோ யார் மடியிலோ ஏறுகிற முனகல்.

“வைத்தியர் தயாரா?” என்றாள் லரீசா.

“பயமா இருக்கு,” என்றாள் வெர்னா. “தயார்.”

பம்புஷ்கா இறங்கினாள். இரண்டு பன்றியும் ஒரே நேரத்தில் அவள் மேல் பாய்ந்தன. உயிர்க்கோடு பாதியாயிற்று, பாதியிலும் பாதியாயிற்று, சிவந்தது. வெர்னாவுக்கு விரல் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மைக் திறந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், வாய்விட்டு எண்ணினாள்.

“ஒண்ணு… ரெண்டு…”

“மூணு,” என்றது ஹெட்ஃபோனுக்குள் அந்தக் கீச்சுக் குரல்.